பாரி நகரின் அந்த வெள்ளிக்கிழமை

ஒரு தாதி ஏன் காற்றைப் பற்றிப் பேசுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2022 மே 21, சனிக்கிழமை. இரவு வேலை முடித்து வந்து ரொறன்ரோவில் தூங்கிக்கொண்டிருந்தேன். மதியமளவில் கைபேசி அலறியது. வாசிக்காமலே நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அன்றைய பெருங்காற்றில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்து அக்ஸ்பிரிட்ஜில் ரொர்னாடோவும் இறங்கியது. அந்த வெட்கத்தில்தான் 1985ஐத் தேடிப் படித்தேன்.

1985 மே 31, வெள்ளிக்கிழமை. ஒன்ராறியோவில் ஒரே பிற்பகலில் பல ரொர்னாடோக்கள். மொத்தம் 12 பேர் பலி. அதில் 8 பேர், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பாரி நகரில். மாலை ஐந்து மணியளவில் அது ஊருக்குள் வந்தது. ஆறு படித்தரங்களில் மேலிருந்து இரண்டாவதான எஃப்4. அதற்கு முன்பே மின்சாரம் போயிருந்தது. பல வீடுகளில் வானொலியும் தொலைக்காட்சியும் ஊமை. ஆனால் மின்சாரம் இல்லாததால் சில தொழிற்சாலைகள் ஆட்களை நேரத்தோடே வீட்டுக்கு அனுப்பிவிட்டன. அந்தக் கட்டடங்கள் நொறுங்கியபோது உள்ளே இருந்தவர்கள் குறைவு. எச்சரிக்கையைத் தடுத்த அதே மின்வெட்டு பலரைக் காப்பாற்றியும் விட்டது.

பின்னர் சேதத்தை ஆராய்ந்த பொறியியலாளர்கள், பல வீடுகளின் மரச்சட்டம் அத்திவாரத்துடன் இறுகப் பிணைக்கப்படவில்லை என்று கண்டார்கள்.

என் அம்மா மட்டக்களப்பு. சூறாவளி என்றால் அவருக்கு 1978 நவம்பர் 23தான். தேவாலயத்துக்குள் ஒதுங்கி, மணிக்கணக்காகச் செபித்த இரவு. ரொர்னாடோ அப்படியல்ல. நாட்களுக்கு முன்பே இடம் குறிக்க முடியாது. வந்தால் சில நிமிடங்களில் ஓரிடத்தைக் கடந்துவிடும். தேவாலயத்துக்கு ஓட நேரமிருக்காது. இருக்கும் வீட்டிலேயே இடம் தேட வேண்டும்.

வந்த புதிதில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டை அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் இந்த ஆபத்தில் வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். பேஸ்மென்ட் இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை, குளியலறை. மாடிக் குடியிருப்பென்றால் நடுவிலுள்ள நடைபாதை; மின்தூக்கி வேண்டாம். அழுத்தம் குறையுமென்று ஜன்னலைத் திறக்கப் போகாதீர்கள். அது பழைய தப்பெண்ணம். பறந்து வரும் பொருட்கள்தான் அதிகம் காயப்படுத்துபவை. தலையை மூடுங்கள், பிள்ளைகளின் சைக்கிள் தலைக்கவசமும் உதவும்.

2021 ஜூலை 15 அன்று பாரியை மீண்டும் ஒரு ரொர்னாடோ தாக்கியது. வீடுகள் உடைந்தன, ஒருவரும் இறக்கவில்லை. இது 1985இன் அளவு பலமானதல்ல என்பது உண்மை. ஆனால் 1985இல் அந்த மக்களின் கையில் எச்சரிக்கை சொல்லும் கைபேசி இருக்கவில்லை. என் கையில் இருந்தது. நான்தான் அதை நிறுத்தினேன்.

இப்போது அலறினால் எழும்பி வாசிக்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன்.