ஏட்டுக்குப் பிறந்த வில்லை

கண்ணாடித் தொட்டியில் வளரும் பவளங்களை மிக நெருங்கிப் படமெடுக்க, கையால் குவியம் திருப்பும் பழைய மைக்ரோ-நிக்கோர் வில்லைகளை இன்றும் நாடுவோர் உண்டு. அவ்வரிசையின் முதல் வில்லை பவளத்துக்காகப் பிறந்ததன்று. நூற்பக்கங்களை நுண்படச் சுருளில் பதிக்கவென்று 1956-இல் ஜப்பானில் உருவானது அது. கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துகள் சிதையாமல் பதிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அரிய தமிழ் நூல்களைக் காத்துவரும் ஞானாலயா நூலகம் புதுக்கோட்டையில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் கிழக்கெல்லை பாக் விரிகுடா. கோட்டைப்பட்டினக் கரையிலிருந்து தெற்கே சென்றால் மண்டபத்தையும் இராமேசுவரத்தையும் ஒட்டிப் பவளத்திட்டுகள். அவற்றை அடுத்த மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டப்பட்டன. 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம்.

எடுக்கத்தக்கது படம் ஒன்றே. 50 மி.மீ. வில்லையை மேலும் 50 மி.மீ. முன்தள்ளினால் பொருளின் இயல்பளவே பிம்பத்தில் விழும். ஒளியோ கால்பங்காகக் குறையும். ஏட்டுக்கு நேரே நிறுத்துவதுபோலவே தொட்டிக் கண்ணாடிக்கும் வில்லையை நேராக நிறுத்த வேண்டும். சாய்ந்தால் உருவம் கலங்கும். பொறுத்திருந்தால், வாயைச் சுற்றி ஆறின் மடங்காக விரியும் உணர்கொம்புகளை எழுத்தெண்ணிப் படிக்கலாம். படியெடுப்பதால் ஏடு தேய்வதில்லை, பவளமும் அவ்வாறே.