பூட்டு திறக்கிறதும் ஒரு ஹாபிதான்... ஆனா, அது உங்க பூட்டா இருக்கணும்!

திருச்சி ஏர்போர்ட்டில் சிங்கப்பூர் ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கும் ட்ராலி பேக்குகளைக் கவனிச்சிருக்கீங்களா? பல நம்பர் பூட்டுகளில் குட்டியா ஒரு சாவித் துவாரமும் இருக்கும். ஆனா, கடையில் அதுக்குச் சாவி தர மாட்டாங்க. காரணம், அது உங்களுக்கானது இல்லை. பெட்டியைச் சோதிக்க, டி.எஸ்.ஏ எனப்படும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் மாஸ்டர் சாவிக்கானது. அந்தச் சாவிகளின் போட்டோ வெளியாக, 2015-ல் அதைப் பார்த்தே 3டி பிரின்டரில் நகல் எடுத்துட்டாங்க!

பூட்டின் இந்த மாதிரி பலவீனங்களைக் கண்டுபிடிப்பதுதான் 'லாக் பிக்கிங்' ஹாபி. மூணு இலக்கப் பூட்டில் 000 முதல் 999 வரை 1,000 எண்கள். ஒரு எண்ணுக்கு மூணு செகண்டு என்றாலும் 50 நிமிஷத்தில் முடிஞ்சுடும். மேலே உள்ள வளைந்த கம்பியை லேசா இழுத்துப் பிடிச்சு, சக்கரம் எங்கே இறுகுதுன்னு விரலால் உணரப் பழகினவங்களுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

அடுத்த லெவல் வேணுமா? திருச்சியிலிருந்து சுமார் 100 கி.மீ-யில் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கையால் செய்யப்படும் லீவர் பூட்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். பொறுமைக்கு நல்ல டெஸ்ட்!

ரூல்ஸ் ரெண்டே ரெண்டு. சொந்தப் பூட்டில் மட்டும் பழகுங்க. அதுவும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டு வேண்டாம். கெட்டுப்போனா வீட்டுக்கு வெளியே நிக்கணும்.

பழகினதும் ஒண்ணு புரியும். பேக்கில் தொங்கும் அந்தக் குட்டிப் பூட்டு, ஜிப் தானா திறக்காமல் இருக்கத்தான். நகையும் பணமும் கைப்பையிலேயே இருக்கட்டும்!