பெண்மக்கள் முறையிட ஓரிடம்

தோட்டத்து லயத்தில் அடிபட்ட பெண் பண்டைக்காலத்தில் யாரிடம் முறையிட்டாள்? கங்காணியிடம்; பின்பு கிராணியிடம்; அதற்கும் மேல் துரையிடம். மூவரும் ஆண்களே. “புருஷன்தானே அடித்தான்?” என்று திருப்பியனுப்புவதே நியாயமென நடந்து வந்தது. கிராணி மேசையில் உட்கார்ந்திருக்கும் நாம் இதை நன்கறிவோம்.

1982-ல் பெண்கள் உதவி ஸ்தாபனம் தோன்றி, அடிபட்டு வரும் தாய்க்கும் குழந்தைகளுக்கும் தங்குமிடம் தந்தது. பினாங்கில் 1985-ல் பெண்கள் நெருக்கடி நிலையம் எழுந்தது. இவர்களும் பிற சங்கத்தாரும் கூடிச் செய்த கிளர்ச்சியின் பயனாக 1989-ல் பலாத்காரச் சட்டம் திருத்தப்பட்டது. (கற்பழிப்பு என்னும் சொல்லை நாம் எழுதோம்; குற்றம் அவனுடையது, அழிவு மட்டும் அவளுக்கோ?) குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறியும் 1996-ல்தான் அமுலுக்கு வந்தது. முஸ்லிம்களையும் அது கட்டுப்படுத்துமா என்ற விவாதமே தாமதத்துக்கு முக்கிய காரணம். அடிக்கும் மதமுண்டோ!

சட்டத்தினும் நாம் பெரிதாக மதிப்பது, 1990-களின் நடுவில் கோலாலம்பூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தொடங்கி மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பரவிய ஏற்பாட்டையே. முன்னெல்லாம் பலாத்காரத்துக்கு ஆளான பெண் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து, அந்நியர் ஒவ்வொருவர் முன்னும் அதே கதையைச் சொல்லி நின்றாள். இப்போது அவள் தனியறையில் இருக்க, டாக்டரும் போலீஸாரும் ஆலோசகரும் அவளை நாடி வரவேண்டும் என்பதே முறை.

மேற்கண்ட இரு ஸ்தாபனங்களும் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தோட்டத்திலிருந்து பட்டணம் போகும் பஸ் சத்தமும், அன்று இழக்கும் நாட்கூலியும் மட்டும் அவள் தலையிலேயே விழுகின்றன.