மூன்று எண்களில் ஓர் உத்தரவு

மேடையில் தனியாக நிற்கும் கிடார்காரருக்கு எத்தனை கை? இரண்டு. இரண்டும் கிடாரிலேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன. வாய் பாடுகிறது. மிச்சம் கால்கள். அதில் ஒன்று உடம்பைத் தாங்கியாகவேண்டும். ஆக, சும்மா இருப்பது ஒரே ஒரு பாதம்.

அந்தப் பாதத்தை நம்பிப் பிழைக்கிற பெட்டிக்குப் பெயர் லூப்பர். நீங்கள் வாசிப்பதைப் பிடித்துவைத்துக்கொண்டு, போதும் என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் இன்னொரு அடுக்கு வாசிக்கலாம். அதற்கும் மேலே இன்னொன்று. ஒரே ஆள், ஒரு கோஷ்டி கச்சேரி.

இது நேற்று முளைத்த சங்கதி இல்லை. 1972-ல் லண்டனில் பிரையன் ஈனோவும் ராபர்ட் ஃப்ரிப்பும் இரண்டு ரிவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதல் மெஷின் பதிவு செய்யும். அதே டேப் நீண்டுபோய் இரண்டாவது மெஷினில் ஒலிக்கும். அந்த ஒலியைத் திரும்ப முதல் மெஷினுக்கே அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், லூப் தயார். டெர்ரி ரைலி என்ற அமெரிக்கர் 1960-களிலேயே இந்த வித்தையைச் செய்து பார்த்திருந்தார்.

ஆனால் சுற்றின் நீளத்தை மாற்ற வேண்டுமா? மெஷினைத் தூக்கித் தள்ளி வைக்கவேண்டும். பழைய ஒலி எவ்வளவு சீக்கிரம் தேய்ந்து மறையவேண்டும்? அதற்கு ஒரு குமிழ். ஃபீட்பேக் என்று பெயர். திருகக் கை வேண்டும். கைதான் கிடாரில் இருக்கிறதே!

1990-களில் டேப் போய் சிப் வந்தது. மத்தியாஸ் க்ரோப் உருவாக்கிய லூப் கருவி, ஓபர்ஹைம் பெயர்ப்பலகையோடு எக்கோபிளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோ என்று விற்பனைக்கு வந்தது. பெட்டிக்குள் செட்டிங்குகள் குவிந்தன. பாதம் மட்டும் அதே ஒன்றுதான். என்ன செய்வது? விடை பெட்டியின் முதுகில் இருந்தது. ஐந்து ஓட்டைகள் கொண்ட ஒரு வட்டத் துளை. மிடி.

அந்தத் துளையின் கதைக்கு 1981-க்குப் போகவேண்டும். அன்றைக்கு ஒரு கம்பெனியின் சிந்தசைசர் இன்னொரு கம்பெனிக்காரனுடையதோடு பேசாது. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தின் இகுடாரோ ககெஹாஷிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வயதில் பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, பிறகு தானும் அதே நோயில் படுத்து மீண்டவர். கடிகாரமும் ரேடியோவும் பழுதுபார்த்து மேலே வந்தவர். அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித்துக்கும் அதே கவலை. அவர் 1981-ல் ஆடியோ இன்ஜினியர்கள் கூட்டத்தில் ஒரு பொது மொழிக்கான யோசனையை வைத்தார். பேசினார்கள், திருத்தினார்கள். 1983 ஜனவரியில், நாம் வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600, ககெஹாஷியின் ஜூபிடர்-6 இரண்டையும் ஒரே வயரால் இணைத்தார்கள். இதில் வாசித்தால் அதில் சத்தம் வந்தது. போட்டிக் கம்பெனிகள், சார்!

அந்த வயரில் என்ன போகிறது? இசை போகவில்லை. பி.காம் படித்தவன் பாஷையில் சொன்னால், பணம் போகாது, வவுச்சர் மட்டும் போகும். அந்த வவுச்சரில் மூன்றே எண்கள். யாருக்கு, எந்தக் கணக்கில், எவ்வளவு.

உதாரணம்: 176, 80, 127. 176 என்றால் ‘முதல் சேனல்காரரே, ஒரு செட்டிங்கை மாற்றும்.’ 80 என்பது எந்தச் செட்டிங் என்ற கணக்கு எண். 127 என்பது அளவு. 0 முதல் 127 வரைதான் அளவு உண்டு. மூன்று எண்களும் போய்ச்சேர ஆகிற நேரம், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

80-க்கு என்ன அர்த்தம்? பிறவியில் ஒன்றும் கிடையாது. நீங்கள் வைப்பதுதான். 2013-ல் வந்த பாஸ் ஆர்சி-505 லூப்பரில் அந்த எண்ணை எடுத்து, ‘இது வந்தால் முதல் டிராக்கைப் பதிவு செய்’ என்று ஒட்டிவிடலாம். எக்கோபிளெக்ஸில் ஃபீட்பேக்கையே இப்படி ஒரு எண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மிடி பெடலை மெல்லத் தளர்த்தினால் பழைய அடுக்குகள் கரைந்துபோகும். ஃப்ரிப்பின் குமிழ் பாதத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது!

உஷாராக இருக்கவேண்டிய இடங்களும் உண்டு. பெடல் முதல் சேனலில் பேச, லூப்பர் இரண்டாவதில் காதை வைத்திருந்தால் ஒன்றுமே நடக்காது. ஏன் என்று எந்த விளக்கும் எரிந்து சொல்லாது. இன்னொன்று, சில பெடல்கள் மிதிக்கும்போது 127, காலை எடுக்கும்போது 0 என இரண்டு வவுச்சர் அனுப்பும். லூப்பர் இரண்டையும் இரண்டு உத்தரவாக எடுத்துக்கொண்டால்? மிதித்ததும் பதிவு ஆரம்பிக்கும், காலை எடுத்ததும் நின்றுபோகும். நிறைந்த சபையில் இது நடந்தால் எப்படி இருக்கும்? செட்டிங்கை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

இப்போது வியாபாரக் கணக்குக்கு வருவோம். இந்த மொழியைப் பயன்படுத்தியவர்களிடம் ககெஹாஷியும் ஸ்மித்தும் எவ்வளவு வாங்கினார்கள்? சல்லிக்காசு இல்லை. லைசென்ஸ் கட்டணமே வைக்கவில்லை. அதனால்தான் யார் செய்த பெடலும் யார் செய்த லூப்பரோடும் பேசமுடிகிறது.

நல்லது செய்தவர்கள் உடனே நன்றாக இருந்தார்களா என்றால், இல்லை. 1987-ல் ஸ்மித்தின் கம்பெனி படுத்துவிட்டது. யமஹா வாங்கியது. சீக்வென்ஷியல் என்ற பெயரும் அவர்களிடமே போயிற்று. சொந்தக் குழந்தைக்கு வைத்த பெயரை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி. பின்னாளில் ஸ்மித் தன் பெயரிலேயே புதுக் கம்பெனி ஆரம்பித்து சிந்தசைசர் செய்தார். 2013-ல் இருவருக்கும் டெக்னிகல் கிராமி விருது கிடைத்தது.

2015-ல்தான் உண்மையான பட்டுவாடா. சீக்வென்ஷியல் என்ற பெயரை ஸ்மித்துக்கே யமஹா திருப்பிக் கொடுத்தது. பரிந்துபேசி வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? முன்னாள் போட்டியாளர் ககெஹாஷி!

2017-ல் ககெஹாஷி போனார். 2022-ல் ஸ்மித்தும் போய்விட்டார். 2020-ல் மிடி 2.0 வந்தபோதும் பழைய மொழியைத் தூக்கிப்போடவில்லை. 1983-ல் எழுதிய அதே மூன்று எண்கள் ஏதோ ஒரு மேடையில், யாரோ ஒருவர் பாதத்தின் கீழிருந்து இன்றைக்கும் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. இலவசமாக.