இன்ஜெக்டர் செலவு யார் தலையில்: டியூராமேக்ஸும் பவர் ஸ்ட்ரோக்கும்

அமெரிக்காவில் பெரிய பிக்கப் வண்டியை டீசலில் வாங்குகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பாரத்தை இழுத்துப் பிழைப்பவர். மாட்டு டிரெய்லர், குதிரை டிரெய்லர், வெல்டிங் சாமான், புல்டோசரைத் தவிர கட்டுமானத்துக்கு வேண்டிய அத்தனையும் அதன் பின்னால் போகும். பெட்ரோல் இன்ஜினைவிடப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார் என்றால், இன்ஜின் தன்னைவிடப் பிடிவாதமாக உழைக்கும் என்று நம்பித்தான் கொடுக்கிறார். 2000-களின் தொடக்கத்தில் அந்த நம்பிக்கையோடு இரண்டு இன்ஜின்கள் சந்தைக்கு வந்தன. 2001 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ். 2003 மாடலில் ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். இரண்டும் எட்டு சிலிண்டர். இரண்டுக்கும் 5 ஆண்டு அல்லது 1,00,000 மைல் இன்ஜின் வாரண்டி. இரண்டிலும் இன்ஜெக்டர்கள் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே கெட்டன.

இதுவரை கதை ஒன்றுதான். டீலரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகு நடந்தது மட்டும் இரண்டு கதை. ஜிஎம் நல்லவன், ஃபோர்டு கெட்டவன் என்று அதைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறை விரல் வைத்துக் காட்ட முடிந்ததா, முடியவில்லையா என்பதில்தான் இந்த வேறுபாடு தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

டியூராமேக்ஸை முதலில் பார்க்கலாம். எல்பி7 என்ற குறியீட்டோடு 2004 மாடலின் நடுப்பகுதிவரை வந்த இந்த இன்ஜினை ஜிஎம்மும் ஜப்பானின் இசுஸுவும் சேர்ந்து தொடங்கிய டிமேக்ஸ் நிறுவனம், ஒஹாயோ மாநிலத்தின் மொரெய்ன் நகரில் தயாரித்தது. எரிபொருள் அமைப்பு ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துடையது. நம்மூரில் சிஆர்டிஐ என்று வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் அதே காமன் ரெயில் முறை: ஒரு பம்ப் டீசலைச் சுமார் 1,600 பார் அழுத்தத்தில் ஒரு குழாயில் தேக்கி வைக்கும், எட்டு இன்ஜெக்டர்களும் அந்தக் குழாயிலிருந்து தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். அமெரிக்க பிக்கப்புக்கு இது அப்போது புதுசு.

இன்ஜெக்டருக்குள் ஒரு சிறு குண்டு, தன் இருக்கையில் உட்கார்ந்து அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த இருக்கை அரித்துப்போனால் சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசல் திரும்பு குழாய் வழியே டேங்குக்கே ஓடிவிடும். ரெயிலில் அழுத்தம் ஏறாது. காலையில் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. இன்னொரு வகைச் சேதம், இன்ஜெக்டரின் உடலிலேயே விரிசல். எல்பி7-இல் இன்ஜெக்டர்கள் வால்வ் கவருக்கு உள்ளே இருந்ததால் கசியும் டீசல் வெளியே சொட்டாமல் நேரே ஆயிலில் கலந்தது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். ஆயில் குறைவதைப் பார்த்துப் பழகிய வண்டிக்காரருக்கு அது கூடுவது முதலில் நல்ல செய்தியாகக்கூடத் தோன்றியிருக்கும். ஐடிலில் வெள்ளைப் புகையும் சேர்ந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்தக் கோளாறை அளந்து காட்ட முடிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். ஸ்கேனரைச் செருகினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி எவ்வளவு டீசலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற எண் வரும். நியூட்ரலில் 4 கன மில்லிமீட்டருக்கு மேலோ, டிரைவில் 6-க்கு மேலோ போனால் அந்த இன்ஜெக்டர் தேறாது. திரும்பும் டீசலைக் குடுவையில் பிடித்து அளக்கும் சோதனை வேறு இருந்தது. சர்வீஸ் அட்வைசரின் முகத்தைப் பார்த்து வாதாட வேண்டியதில்லை. எண்ணைக் காட்டினால் போதும்.

ஜிஎம் கடைசியில் ஒரு சிறப்பு ஏற்பாட்டை அறிவித்தது. 2001 முதல் 2004 வரையான எல்பி7 வண்டிகளின் இன்ஜெக்டர்களுக்கு மட்டும், வண்டி முதன்முதலில் விற்ற நாளிலிருந்து 7 ஆண்டு அல்லது 2,00,000 மைல். உரிமை வண்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறினாலும் செல்லும். பழைய வண்டி விளம்பரங்களில் "இன்ஜெக்டர் மாற்றியாயிற்று, ரசீது உண்டு" என்பது ஒரு விற்பனைத் தகுதியாகவே ஆனது. இன்றைக்கும் எல்பி7 வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இந்த அறிவிப்பு உரிமையாளருக்குச் செய்த நன்மையை எல்லாரும் பேசுகிறார்கள். டீலரின் ஒர்க்‌ஷாப்பில் அது செய்ததைப் பற்றிப் பேச்சு குறைவு. அமெரிக்க டீலரிடம் வேலை பார்க்கும் மெக்கானிக்குக் கூலி பெரும்பாலும் கடிகாரப்படி இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று முன்கூட்டி எழுதிய கணக்குப்படி. வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் வேலைக்கு ஒரு மணிக்கணக்கு. வாரண்டி வேலைக்கு உற்பத்தியாளர் எழுதும் மணிக்கணக்கு வேறு, அது பெரும்பாலும் குறைவு. எங்கே கோளாறு என்று தேடும் நேரத்துக்குச் சரியான கூலி கிடைப்பதே அரிது. எனவே காரணம் தெரியாத வாரண்டி வண்டி உள்ளே வந்தால் மெக்கானிக்கின் கை தானாகவே பின்வாங்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய சம்பளம் அதில் இருக்கிறது. எல்பி7 இன்ஜெக்டர் மாற்றுவது வால்வ் கவர், இன்டேக் எல்லாவற்றையும் கழற்றி நாள் முழுக்கச் செய்யும் வேலைதான். ஆனால் கோளாறு தெரியும், சோதனை தெரியும், பணம் யார் தருவார் என்பதும் தெரியும். இரண்டு மூன்று வண்டி பிரித்துக் கை பழகியவருக்கு அதில் நஷ்டமில்லை.

இப்போது ஃபோர்டு பக்கம் திரும்பினால், இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

6.0 பவர் ஸ்ட்ரோக்கின் மேல் ஃபோர்டு பெயர் இருந்தாலும் அதைத் தயாரித்தது நேவிஸ்டார், அதாவது இன்டர்நேஷனல் லாரிகளைச் செய்யும் நிறுவனம். இன்ஜெக்டரின் வேலைமுறையும் வேறு. இங்கே டீசலை அழுத்துவது இன்ஜின் ஆயில். ஒரு பம்ப் ஆயிலை 250 பார் அளவுக்கு ஏற்றும்; இன்ஜெக்டருக்குள் இருக்கும் பிஸ்டன் அதைச் சுமார் ஏழு மடங்காகப் பெருக்கி டீசலைத் தள்ளும். ஆயிலை உள்ளே விடவும் நிறுத்தவும் ஒரு சிறு உருளை வால்வ் இடதும் வலதுமாக நகரும். அதை நகர்த்துவது மின்காந்தச் சுருள்கள். அவற்றுக்கு 48 வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை 48 ஆக்கித் தர ஒரு தனிப் பெட்டி, எஃப்ஐசிஎம்.

இத்தனை பேர் சேர்ந்து இழுக்கும் தேரில் யார் கையை விட்டார் என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆயில் பழசாகி, உருளை வால்வில் பிசின்போல் படிந்தால் காலைக் குளிரில் இன்ஜெக்டர் ஒட்டிக்கொள்ளும். பேட்டரி தளர்ந்தால் அந்த மின்பெட்டி பாடுபட்டு, அதன் உள் இணைப்புகள் விட்டுப்போய் 48 வோல்ட் 45-க்குக் கீழே இறங்கும். அப்போதும் இன்ஜெக்டர் திறக்காது. டீசல் அழுத்தம் குறைந்தால் இன்ஜெக்டரின் உள்பாகம் அடிபடும். உயர் அழுத்த ஆயில் எங்காவது கசிந்தால் சூடான இன்ஜின் அணைந்தபின் ஸ்டார்ட் ஆகாது. நான்கு காரணங்கள்; வண்டிக்காரருக்கு அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றே. முக்கி முனகி ஸ்டார்ட் ஆகிறது, ஆடுகிறது, புகைகிறது.

போதாததற்கு இன்ஜெக்டர் அந்த இன்ஜினின் ஒரே வியாதியும் அல்ல. ஆயில் கூலர் அடைத்துக்கொண்டது, அதனால் புகையைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் கூலர் வெடித்தது, சிலிண்டர் ஒன்றைச் சுற்றி நான்கே போல்ட் இருந்த ஹெட் தூக்கிக்கொண்டு கேஸ்கெட் போனது. ஹெட் வேலைக்கு வண்டியின் கேபினையே சட்டத்திலிருந்து கழற்றி லிஃப்டில் தூக்கி வைத்துவிட்டு இன்ஜினைப் பிரிக்கும் காட்சி ஃபோர்டு டீலர்களிடம் சாதாரணமானது.

குளிர் காலையில் மட்டும் தலைகாட்டும் கோளாறு டீலரின் சூடான கொட்டகைக்குள் காணாமல் போய்விடும். ரிப்பேர் ஆர்டரில் "சோதித்தோம், கோளாறு தெரியவில்லை" என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள். விவரம் தெரிந்த உரிமையாளர்கள் வண்டியை முந்தின மாலையே கொண்டுபோய் விட்டு, வெளியில் இரவெல்லாம் நிறுத்தி, காலையில் தன் கண்முன்னால் முதல் ஸ்டார்ட் போடச் சொன்னார்கள். வெறும் காகிதம்போலத் தெரியும் அந்த ரிப்பேர் ஆர்டர்களைப் பத்திரமாக வைத்தவர்களுக்குப் பின்னால் அவைதான் சாட்சி. சில சமயம் புதிய சாஃப்ட்வேர் ஏற்றி அனுப்பினார்கள்; அதில் சரியானவையும் உண்டு, இரண்டு மாதத்தில் திரும்பி வந்தவையும் உண்டு. பாகம் மாற்றினாலும் கெட்டது என்று உறுதியான ஒரு இன்ஜெக்டர் மட்டும் மாறும். மிச்சம் ஏழும் அதே வயது, அதே ஆயில்.

மேலிடத்தில் நடந்தது இதைவிடச் சிக்கல். வாரண்டிச் செலவில் நேவிஸ்டார் தன் பங்கைத் தர வேண்டும் என்று 2007 ஜனவரியில் ஃபோர்டு மிச்சிகன் நீதிமன்றத்துக்குப் போனது. நேவிஸ்டார் அடுத்த மாதமே இன்ஜின் அனுப்புவதைச் சில நாள் நிறுத்திக் காட்டியது. 2009 ஜனவரியில்தான் சமரசம். இரண்டு கம்பெனிகளும் குற்றம் உன்னுடையது என்று ஒன்றையொன்று நீதிமன்றத்தில் கைகாட்டிக்கொண்டிருக்கும்போது, இது குறைபாடுதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட இரண்டில் எதற்கும் துணிவு வராது. எழுதினால் அந்தத் தாளே எதிர்த்தரப்பின் ஆதாரம். ஜிஎம் பக்கமும் வெளி நிறுவனங்கள் இருந்தன; ஆனால் அன்றைக்கு இசுஸுவில் ஜிஎம்முக்கே பங்கு இருந்தது, பழுதும் பாஷ் தந்த ஒரே பாகத்துக்குள் அடங்கியிருந்தது. கணக்கு எழுதுவது சுலபம். 6.0 உரிமையாளர்களுக்குக் கிடைத்தது, அவர்களே கூட்டாக வழக்குத் தொடுத்து 2013 வாக்கில் முடிந்த ஒரு சமரசம்: இன்ஜெக்டர், கூலர்கள், டர்போ ஆகியவற்றுக்குச் செலவழித்ததில் ஒரு பகுதி திரும்பும், நிபந்தனைகளோடு. அதை ஏற்காமல் வெளியேறித் தனித்தனியே வழக்காடியவர்களும் இருந்தார்கள். முந்தைய வழக்கில் பதிவான ஃபோர்டு ஊழியர் வாக்குமூலங்களைத் தனி வழக்கில் பயன்படுத்தலாமா என்ற ஒரே கேள்வி கலிஃபோர்னியா உச்சநீதிமன்றம்வரை போய் 2022-இல்தான் தீர்ப்பானது. அதற்குள் அந்த வண்டிகளில் பலவும் பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும்.

சட்டம் உதவவில்லையா என்றால், உதவியது, ஓரளவு. 1975-இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிக்கடை ஃபில்டர் போட்டதற்காகவோ சாதாரண உதிரிப் பாகம் மாட்டியதற்காகவோ மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அதனால்தான் கெட்டது என்று மறுப்பவர் காட்ட வேண்டும். ஆனால் டீசல் பிக்கப் உலகில் சக்தியைக் கூட்டும் டியூனர் பெட்டி மாட்டாதவர் குறைவு. டீலருக்கு அது கையில் கிடைத்த துருப்பு. ஜிஎம் பின்னாளில், டியூராமேக்ஸ் இன்ஜினை மாற்றித் தருவதற்கு முன் கணினியின் மென்பொருள் அடையாள எண்களைப் படமெடுத்து அனுப்பும்படி டீலர்களுக்கு உத்தரவே போட்டது. கெட்டுப்போன புதுக் காரைத் திரும்ப வாங்க வைக்கும் மாநில லெமன் சட்டங்களிலும் ஒரு ஓட்டை உண்டு: கலிஃபோர்னியாவில் தொழிலுக்கு ஓடும் வண்டி 10,000 பவுண்டு எடை வரம்புக்குள் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. பின்னால் நான்கு சக்கரம் வைத்த பெரிய பிக்கப்புகள் அந்த வரம்பைத் தாண்டியவை. அதிகம் உழைக்கும் வண்டிக்குத்தான் பாதுகாப்பு குறைவு என்பது எனக்கு இன்றும் விசித்திரமாகவே படுகிறது.

டியூராமேக்ஸ் உரிமையாளர்களுக்கும் எல்லாம் இனிப்பாக முடியவில்லை. 2,00,000 மைல் என்ற எண் பெரிதாகத் தெரியும். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் மைல் ஓட்டும் சாதாரண ஆளுக்கு 7 ஆண்டு முடியும்போது பாதியைக்கூட எட்டியிருக்காது. கடிகாரம் விற்ற நாளிலிருந்து ஓடியது, இன்ஜெக்டர் மாற்றிய நாளிலிருந்து அல்ல. 2011-ஐ ஒட்டிக் கடைசி வண்டிகளுக்கும் காலம் முடிந்தது. அதன்பின் எட்டு இன்ஜெக்டருக்கும் கூலிக்கும் சேர்த்துப் பல ஆயிரம் டாலர், சொந்தக் காசு. வால்வ் கவருக்கு உள்ளே இன்ஜெக்டரை வைத்தது தவறு என்பதை ஜிஎம் வாயால் சொல்லவில்லை. அடுத்து வந்த எல்எல்ஒய் இன்ஜினில் வெளியே எடுத்து வைத்துவிட்டது.

குணத்தால்தான் ஜிஎம் இறங்கி வந்தது என்பவர்களுக்கு 2011-க்குப் பிந்தைய கதையைச் சொல்ல வேண்டும். 2011 மாடலிலிருந்து ஜிஎம் பாஷின் சிபி4 என்ற பம்ப்புக்கு மாறியது. பம்ப் உள்ளே தேய்ந்தால் இரும்புத்தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் பரவி, மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். இந்த முறை அளந்து காட்டக் குண்டு இருக்கை இல்லை. டேங்கில் தண்ணீரா, மட்டமான டீசலா, பம்ப்பின் வடிவமைப்பா என்று வாதாட இடம் இருந்தது. துருவின் சுவடு தெரிந்தால் எரிபொருள் கெட்டது என்று டீலர் கைவிரிக்கலாம். உரிமையாளர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஓட வேண்டும். எல்பி7-க்கு 7 ஆண்டு எழுதித் தந்த அதே ஜிஎம் இங்கே பல ஆண்டு வழக்காடியது. 2017 மாடலில் டென்சோ பம்ப்புக்கு மாறிய பிறகும் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் 5 கோடி டாலர் சமரசம், அதுவும் சில மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும்.