பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைகள்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரிக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் பழவேற்காடு. அதன் நடுவே மதில் சூழ்ந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இருபுறமும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே வருவோருக்குச் சாவை நினைவூட்டுவது அக்கால ஐரோப்பிய மரபு. பயமுறுத்தும் நோக்கம் அதில் இல்லை. தரையில் பதித்த கல்வெட்டுப் பலகைகள், கூம்புத் தூண்கள், குவிமாடம் கொண்ட சமாதிகள் என உள்ளே பல வகை. பலகைகளில் பழைய டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

விஜயநகர மன்னர் வேங்கடபதியின் அனுமதியோடு 1610இல் ஒல்லாந்தர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். இரண்டே ஆண்டுகளில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதை அழித்தார்கள். 1613இல் எழுந்த கோட்டைக்கு, தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்க்கெமின் சொந்த மாகாணத்தின் பெயரால் கெல்டிரியா என்று பெயரிட்டனர். சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாகக் கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள் இருந்தது இந்தக் கோட்டைதான். நெசவாளர்களின் துணி இங்கிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அங்கிருந்து மிளகும் சாதிக்காயும் வந்தன. வெடிமருந்து இங்கே தயாரானது. அடிமைகளாகப் பிடிபட்ட மனிதர்களும் இதே துறையிலிருந்து அத்தீவுகளில் இருந்த பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கல்லறைக் கற்களில் அவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் இடமில்லை.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போன பின், பழவேற்காடு சிறிது காலம் மீண்டும் தலைமை பெற்றது. 1795இல் ஆங்கிலேயர் அதையும் பிடித்தனர். இடையில் ஒருமுறை திருப்பிக் கொடுத்து, 1825இல் நிரந்தரமாக எடுத்துக்கொண்டனர். அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டை இடிக்கப்பட்டிருந்தது.

கோட்டை போய்க் கல்லறைகள் தங்கியதற்குக் காரணம் எளிது. எதிரியின் மதிலை யாரும் விட்டுவைப்பதில்லை. இறந்தவரின் கல்லால் ஆபத்தும் இல்லை, பெரிய பயனும் இல்லை. இருப்புப்பாதை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியே உள்நாட்டில் போனதால் வணிகமும் துறைமுகத்தைக் கைவிட்டது. பின்னாளில் ஆலைகளும் சிப்காட் வளாகமும் வந்து நின்றது கும்மிடிப்பூண்டிப் பக்கம்தான். புதுக் கட்டடம் கட்டும் அவசரம் பழவேற்காட்டைத் தொடவில்லை.

கல்லறைக் கற்களின் மதிப்பை முதலில் முறையாகப் பதிந்தவர்களில் ஒருவர் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ. ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அதே ரீ. சென்னை மாகாணத்தின் ஒல்லாந்தர் நினைவுச் சின்னங்களைப் பற்றிய அவரது நூல் 1897இல் வெளிவந்தது. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904இல்தான் வந்தது என்பதால், ஏட்டுப் பதிவு சட்டத்தை முந்திவிட்டது. இன்று இத்தோட்டம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஊர் நடுவே இருக்கும் சின்னத்துக்கு இந்த அளவு என்றால், அதன் சுமை பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

பிரெஞ்சுத் துறைமுகமான புதுச்சேரியின் சிக்கல் வேறு. 1761இல் ஆங்கிலேயர் அந்நகரைத் தரைமட்டமாக்க, 1765 முதல் லா தெ லோரிஸ்தோன் மீண்டும் எழுப்பினார். அங்கே பழைய கட்டடங்கள் வீடாகவும் அலுவலகமாகவும் புழங்குகின்றன. புழக்கமே காப்பு என்று சொல்லலாம். ஆனால் பராமரிப்பு தவறினால் அதுவும் போதாது. கடற்கரையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி (நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் 29இல் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய வடிவிலேயே மறுபடி கட்டப்பட்டது.

பழவேற்காட்டில் அப்படிக் கட்டி எழுப்ப ஒன்றுமில்லை. கெல்டிரியா நின்ற இடத்தில் இன்று இருப்பவை புதரும் மேடும் அகழியின் தடமும்தான்.