உள்ளே கழுவணுமா?

வெள்ளைப்படுதுன்னு கிருமிநாசினி ஊத்திக் கழுவிட்டு, எரிச்சலோட ஓபிக்கு வர்றவங்க உண்டு. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால ஒரு பழைய வியாபாரம் இருக்கு.

1892-ல் ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், பெண்ணுறுப்புக்குள்ள வாழுற ஒரு பாக்டீரியாவை விவரிச்சார். லாக்டிக் அமிலம் சுரந்து மத்த கிருமிகளை அண்டவிடாம காக்குறது அதுதான். தயிரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாவுக்குச் சொந்தக்காரன்.

ஆனா 1920-கள்ல அமெரிக்கப் பத்திரிகைகள் முழுக்க 'லைசால்' விளம்பரம். ஆமா, ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற அதே லைசால்தான்! உள்ளே கழுவலைன்னா புருஷன் விலகிடுவான்னு மிரட்டியே வித்தாங்க. வெந்து புண்ணானவங்க உண்டு, செத்தவங்களும் உண்டு. இன்னிக்கு 'இன்டிமேட் வாஷ்' பாட்டில்ல பூ வாசனை. பயம் காட்டுறது மட்டும் மாறல.

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலைக்குப் போற அக்கா தங்கச்சிகளுக்கு: உள்ளே எதுவும் ஊத்தாதீங்க. வெளியே வெறும் தண்ணி போதும், முன்னாலிருந்து பின்னாடி கழுவுங்க. கையில மருந்துத்தூள் ஒட்டியிருக்கும். அதனால கழிப்பறைக்குப் போறதுக்கு முன்னாடியும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. மாதவிடாய்த் துணியை நல்ல வெயில்லயே காயப்போடுங்க.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் கை கழுவ வசதியும் இருக்கணும்னு 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லியாச்சு. இல்லைன்னா கேளுங்க.

அரிப்பு, நாத்தம், தயிர்த்திரி மாதிரி வெள்ளை இருந்தா நேரா ஜி.எச். வாங்க.